மூன்றாம் எண் ஜன்னல்

வியா கரிசாலுக்கு பெசோ வருவது நின்று
நாலு மாதம்.
மாகாணம் தானே ஒரு தாளை அச்சடித்தது.
ஒரு பக்கம் மலையும் கள்ளியும்.
மறுபக்கம் நிதியமைச்சரின் கையெழுத்து,
ஓடும் பேருந்தில் போட்டதுபோல் வால் நீண்டு.
கொண்டுவருபவருக்கு ஓராண்டு கழித்துத் தரப்படும்
என்று பெரிய எழுத்தில்.
என்ன தரப்படும் என்பது
எந்த எழுத்திலும் இல்லை.

சம்பளம் அதில்தான்.
ஆஸ்பத்திரி நர்ஸ் டெல்மிராவுக்கு,
குப்பை லாரி ஓட்டும் இரண்டு ஒவேதோ சகோதரர்களுக்கு,
வரி அலுவலகத்தின் மூன்றாம் எண் ஜன்னலில்
உட்கார்ந்திருக்கும் எனக்கு.

ரொட்டிக்கடை அன்செல்மோ கரும்பலகை மாட்டியிருந்தான்:
நூறுக்கு எழுபத்தைந்து.
தலைநகரில் எவராவது ராஜினாமா செய்தால்
அன்றைக்கு எழுபது.
மருந்துக்கடையில் அறுபது.
சவப்பெட்டி செய்பவன் மட்டும் கறார்:
பெசோ, இல்லையென்றால் ஆடு.

என் ஜன்னலில் பூஜ்யம்.
"மாகாணப் பத்திரங்கள் வரிக்கு ஏற்கப்பட மாட்டா."
கண்ணாடியில் நான்தான் ஒட்டினேன்.
ஒட்டிய பசையை வாங்கியது
மாகாணப் பத்திரம் கொடுத்து.

என் வீட்டு வரியைக் கட்ட
இரண்டாம் எண் ஜன்னலுக்குப் போனேன்.
பதினோரு வருடம் என் பக்கத்தில் உட்காரும் இப்போலிதா
என்னை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்து
அறிவிப்பை விரலால் காட்டினாள்.
திரும்பி வந்து உட்கார்ந்தேன், நாலடி.

அபராதத்துக்கு முந்தைய நாள், செவ்வாய்க்கிழமை,
டெல்மிரா வந்தாள். எண்பத்து நாலு பாக்கி.
தாள்களை வரிசையாக வைத்தாள்,
ஊசிமருந்துக் குப்பிகளை வைக்கும் அதே கையால்.
"இது யார் கையெழுத்து?"
அரசாங்கத்தினுடையது.
"நான் யாருக்குக் கடன்?"
அரசாங்கத்துக்கு.
"அப்புறம் நடுவில் நீ எதற்கு?"

வீரம் ஒன்றுமில்லை, நம்புங்கள்.
அவள் பின்னால் நாற்பது பேர்.
மின்விசிறி செத்து ஒரு வாரம்.
முத்திரை குத்தியே பழகிய கை;
குத்திவிட்டது.

மதிய உறக்கம் கலையுமுன்
சதுக்கத்தைத் தாண்டிவிட்டது செய்தி.
மூன்றாம் ஜன்னலில் எடுக்கிறார்களாம்.
நாலு மணிக்கு அன்செல்மோ பலகையைத் துடைத்தான்: தொண்ணூறு.
ஆறு மணிக்கு நூறுக்கு நூறு.
எங்கிருந்தும் தங்கம் வரவில்லை.
ஒரு மூட்டை மாவு கூடுதலாக இறங்கவில்லை.
ஆனாலும் அன்றிரவு விளக்கணைக்காமல்
செருப்புக்கடை திறந்திருந்தது;
ஒவேதோ சகோதரர்களில் இளையவன்
மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கிக்கொண்டு
பெட்டியைத் தலையில் வைத்து நடந்தான்.
சவப்பெட்டிக்காரன்கூட
ஆட்டைப் பற்றிப் பேசவில்லை.
இத்தனையும் ஓர் ஈர முத்திரை.

காலையில் வரிசை தேவாலயம்வரை.
மெத்தைக்கடியிலிருந்து, பைபிளுக்குள்ளிருந்து,
பிரித்த மடிப்பு இன்னும் நிமிராத தாள்கள்.
இயக்குநர் அய்பார் உள்ளிருந்து வந்து
ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.
கணக்கு முடிப்பு என்று எழுதித் தொங்கவிட்டார்.
பத்து மணிக்குள் பலகை ஐம்பத்தைந்துக்கு இறங்கியது.

என்னை அறைக்குள் அழைத்தார். கத்தவில்லை.
அவருக்கும் அந்தத் தாளில்தான் சம்பளம்.
எண்பத்து நாலு குறைகிறது என்றார்,
உன் கணக்கில் பிடிக்க வேண்டியதுதான்.
மேசை இழுப்பறையில் என் மாதச் சம்பள உறை.
அதைப் பிரித்து
எச்சில் தொட்டு எண்ணினார்,
மலை, கள்ளி, மலை, கள்ளி,
எண்பத்து நாலு.
முழு மதிப்புக்கு.
ஒரு தாளையும் மறுக்கவில்லை.

ரசீது கேட்டேன்.
நிமிராமலே சொன்னார்:
மூன்றாம் ஜன்னலில் வாங்கிக்கொள்.

போய் உட்கார்ந்தேன்.
என் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதி
முத்திரை குத்தி
கண்ணாடியின் அடி இடுக்கு வழியே
வெளியே தள்ளி,
சுற்றிக்கொண்டு போய்
எடுத்துக்கொண்டேன்.